எல்லை தாண்டி வரும் சம்மன்: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்க முகவரி தீர்மானிக்கும் வழக்கு

டாக்குரியா (கொல்கத்தா): வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சிறு நிறுவனங்கள், விலை, தரம், காலக்கெடு, பணம் செலுத்தும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பல நாட்கள் பேசுகின்றன. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இடம்பெறும் 'அறிவிப்புகள்' என்ற ஷரத்தைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. பின்னாளில் தகராறு எழுந்து வெளிநாட்டில் வழக்குத் தொடரப்பட்டால், அந்தத் தகவல் எந்த முகவரிக்கு வரும், எந்த வழியில் வரும், வந்ததாக எப்போது கருதப்படும் என்பதை எல்லாம் முடிவு செய்வது அந்த ஷரத்துதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில், 700031 என்ற அஞ்சல் குறியீட்டுக்கு உட்பட்ட ஒரு வாடகைக் கட்டடத்தில் சிறிய மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நிறுவனம் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருடன் ஒப்பந்தம் செய்கிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அலுவலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறது. முகவரி மாற்றத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவில்லை. பின்னர் அமெரிக்காவிலிருந்து ஒரு கூரியர் உறை பழைய முகவரிக்கு வந்து சேர்கிறது. அதற்குள் இருப்பது நீதிமன்ற சம்மன்.

அந்த உறை சட்டப்படி செல்லுமா, அதைப் பிரிக்காமலே இருந்தவர் மீது தீர்ப்பு வழங்கப்பட்டால் அது இந்தியாவில் நிறைவேற்றப்படுமா என்பவை தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்குமான விடை பன்னாட்டு உடன்படிக்கை, வெளிநாட்டு நீதிமன்ற விதி, இந்தியச் சட்டம், தரப்பினர் கையெழுத்திட்ட ஷரத்து ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போதே கிடைக்கும்.

சார்பு செய்தல் என்றால் என்ன?

ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டுள்ளது என்பதை அவருக்கு முறைப்படி தெரிவித்து, வழக்குரையின் நகலையும் சம்மனையும் அவரிடம் சேர்ப்பதை நீதிமன்ற வழக்கில் 'சார்பு செய்தல்' என்பர். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாட்டின் முதல் படி இதுவே.

இந்தியாவுக்குள் இப்பணியை உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 5-ஆவது கட்டளை ஒழுங்குபடுத்துகிறது. நீதிமன்ற ஊழியர் நேரில் கொடுத்தல், பதிவுத் தபால், அங்கீகரிக்கப்பட்ட கூரியர், மின்னஞ்சல் ஆகிய வழிகள் அதில் உள்ளன. பிரதிவாதி வாங்க மறுத்தால் அவருக்குச் சார்பு செய்யப்பட்டதாக நீதிமன்றம் அறிவிக்கலாம். அவர் சம்மனைத் தவிர்ப்பதற்காகவே ஒளிந்திருக்கிறார் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், வீட்டுக் கதவில் ஒட்டுதல், நாளிதழில் விளம்பரம் செய்தல் போன்ற மாற்று வழிகளும் உண்டு. தமிழ்நாட்டில் 'அமீனா வந்தார்' என்று மக்கள் சொல்லும்போது குறிப்பிடுவது இந்தப் பணியைச் செய்யும் நீதிமன்ற ஊழியரையே.

நாட்டின் எல்லையைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சம்மன் என்பது ஒரு நாட்டின் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை. அதை இன்னொரு நாட்டின் மண்ணில் நேரடியாக வழங்குவது அந்த நாட்டின் இறையாண்மையில் தலையிடும் செயல் என்று பல நாடுகள் கருதுகின்றன.

ஹேக் உடன்படிக்கையும் இந்தியாவின் நிலைப்பாடும்

இச்சிக்கலைத் தீர்ப்பதற்காக 1965 நவம்பர் 15 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாக்கப்பட்டது. உரிமையியல், வணிக வழக்குகளில் நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் சார்பு செய்வது பற்றிய அந்த உடன்படிக்கையில் இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. அமெரிக்கா, பிரிட்டன், சீனா, கனடா, ஆஸ்திரேலியா, இலங்கை ஆகியவை உறுப்பு நாடுகள். சிங்கப்பூரில் இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழர்கள் பெருமளவில் பணிபுரியும் ஐக்கிய அரபு அமீரகம் இதில் உறுப்பினர் அல்ல. அந்நாட்டுடன் 1999-இல் கையெழுத்தான இருதரப்பு ஒப்பந்தத்தின் அடிப்படையில் இந்தியா ஒத்துழைக்கிறது.

இந்தியா 2006 நவம்பர் 23 அன்று ஹேக் உடன்படிக்கையில் இணைந்தது. 2007 ஆகஸ்ட் 1 முதல் அது இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் ஒரு மைய அதிகார அமைப்பை நியமிக்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பொறுப்பு மத்திய சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறையிடம் உள்ளது. வெளிநாட்டு நீதிமன்ற ஆவணம் இந்த அமைப்பின் வழியாக வருவதே முதன்மை வழி.

உடன்படிக்கையின் 10-ஆவது உறுப்பு வேறு சில குறுக்கு வழிகளையும் அனுமதிக்கிறது. அஞ்சல் மூலம் நேரடியாக அனுப்புதல், ஒரு நாட்டின் நீதிமன்ற அலுவலர் மற்ற நாட்டின் அலுவலரிடம் நேரடியாக ஒப்படைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால், ஆவணத்தைப் பெறும் நாடு எதிர்ப்புத் தெரிவித்தால் இவ்வழிகள் அந்த நாட்டுக்குப் பொருந்தா. இந்தியா இணைந்தபோதே 10-ஆவது உறுப்பில் உள்ள எல்லா வழிகளுக்கும் எதிர்ப்புத் தெரிவித்துள்ளது. ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்துள்ளது.

ஆகவே, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லப்படாத நிலையில், அமெரிக்காவிலிருந்து டாக்குரியாவுக்கு நேரடியாக வந்த கூரியர் உறை ஹேக் உடன்படிக்கையின்படி முறையான சார்பு ஆகாது. இந்தியத் தரப்புக்குக் கிடைக்கும் முக்கியப் பாதுகாப்பு இது.

கோரிக்கை வரும் பாதை

முறையான வழியில் வந்தால் அதன் பயணம் நீண்டது. வெளிநாட்டின் தகுதி பெற்ற அதிகாரி, உடன்படிக்கையில் உள்ள மாதிரிப் படிவத்தை நிரப்பி, ஆவணங்களுடன் புது தில்லிக்கு அனுப்புகிறார். சட்ட அமைச்சகம் அதைச் சரிபார்த்து, பிரதிவாதியின் முகவரி எந்த மாவட்டத்துக்கு உட்பட்டதோ அந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. டாக்குரியா முகவரி என்றால் ஆலிப்பூரில் உள்ள மாவட்ட நீதிமன்றம். அங்கிருந்து நீதிமன்ற ஊழியர் நேரில் சென்று வழங்குகிறார். வழங்கப்பட்டதற்கான அல்லது வழங்க முடியாமைக்கான சான்றிதழ் அதே பாதையில் திரும்பிச் செல்கிறது. வெளிநாட்டு நீதிமன்றங்களின் சம்மனை இந்திய நீதிமன்றங்கள் தம்முடைய சம்மனைப் போலவே சார்பு செய்வதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இந்தச் சுற்றுப் பயணத்துக்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். அதை எண்ணியே உடன்படிக்கையின் 15-ஆவது உறுப்பு ஒரு வழி செய்துள்ளது. ஆவணம் உரிய வழியில் அனுப்பப்பட்டு, ஆறு மாதத்துக்குக் குறையாத, நீதிபதி போதுமெனக் கருதும் காலம் கடந்து, எல்லா முயற்சிக்குப் பின்னும் எந்தச் சான்றிதழும் வரவில்லை என்றால் நீதிபதி தீர்ப்பளிக்கலாம். இந்த விதியை ஏற்கும் அறிவிப்பை இந்தியாவும் செய்துள்ளது.

மைய அதிகார அமைப்பின் பணி 2025-இல் பரவலான கவனத்தைப் பெற்றது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், அதானி குழுமத் தலைவர் கௌதம் அதானி உள்ளிட்டோர் மீது 2024 நவம்பரில் தொடர்ந்த உரிமையியல் வழக்கில், ஆவணங்களைச் சார்பு செய்ய ஹேக் உடன்படிக்கையின் கீழ் இந்திய அரசின் உதவியை நாடியிருப்பதாக 2025 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அக்குழுமம் குற்றச்சாட்டுகளை மறுத்துள்ளது. அமெரிக்க அரசின் ஓர் அமைப்பே இந்தப் பாதையில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

ஒப்பந்த ஷரத்து நுழையும் இடம்

காலதாமதத்தையும் செலவையும் தவிர்க்க விரும்பும் வணிக நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே மாற்று வழிகளை எழுதிவைக்கின்றன. அவை பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதல் வகை, முகவர் நியமனம். வழக்கு நடக்கவிருக்கும் நாட்டிலேயே ஒருவரை அல்லது ஒரு நிறுவனத்தைத் தன் சார்பில் சம்மனைப் பெறும் முகவராக ஒப்பந்தத் தரப்பு நியமிக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்ட கடன் ஒப்பந்தங்களில், வெளிநாட்டுக் கடனாளி லண்டனில் முகவரை நியமிப்பது நீண்டகால வழக்கம். சம்மன் அந்த நாட்டுக்குள்ளேயே முகவரிடம் தரப்படுவதால், ஆவணத்தை எல்லை தாண்டி அனுப்பும் தேவையே எழுவதில்லை. அத்தகைய நிலையில் ஹேக் உடன்படிக்கையும் குறுக்கே வராது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் இந்தக் கருத்தையே கூறியது. ஜெர்மனியிலுள்ள தாய் நிறுவனத்துக்கான ஆவணத்தை அமெரிக்காவிலுள்ள அதன் துணை நிறுவனத்திடம் மாநிலச் சட்டப்படி வழங்கியது செல்லும் என்றும், வெளிநாட்டுக்கு ஆவணம் அனுப்பும் தேவை இருந்தால் மட்டுமே உடன்படிக்கை பொருந்தும் என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாம் வகை, முறை ஒப்புதல். குறிப்பிட்ட முகவரிக்குக் கூரியர் அல்லது மின்னஞ்சல் மூலம் அனுப்பினால் அதுவே சம்மன் சார்பு ஆகும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. அனுப்பிய நாளிலிருந்து மூன்று அல்லது ஐந்து வேலை நாட்களில் கிடைத்ததாகக் கருதப்படும் என்ற வாசகமும் உடன் இருக்கும். உண்மையில் கிடைத்ததா என்பது அதன் பின் கேள்வியாக எழாது.

மூன்றாம் வகை, உரிமைத் துறப்பு. முறையான சார்புக்கான உரிமையையும், ஹேக் உடன்படிக்கையின்படியான நடைமுறையைக் கோரும் உரிமையையும் கைவிடுவதாகத் தரப்பினர் எழுதிக் கொடுக்கின்றனர்.

இவற்றோடு, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும் என்பதைச் சொல்லும் அதிகார வரம்பு ஷரத்தும் சேர்ந்தே வரும். அத்தகைய ஒரு வரியின் வலிமைக்குக் கொல்கத்தா தொடர்புடைய வழக்கு ஒன்றே சான்று. ஸ்வஸ்திக் கேஸஸ் நிறுவனத்துக்கும் இந்தியன் ஆயில் கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், கொல்கத்தா நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு உட்பட்டது என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. 'மட்டும்' என்ற சொல் அதில் இல்லை. வணிகம் நடந்தது ஜெய்ப்பூரில். இருந்தும், கொல்கத்தாவைக் குறிப்பிட்டதன் மூலமே மற்ற ஊர் நீதிமன்றங்களைத் தரப்பினர் விலக்கிவிட்டனர் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. உள்நாட்டு ஒப்பந்தத்திலேயே ஒரு வரிக்கு இவ்வளவு எடை உண்டு எனில், வெளிநாட்டு ஒப்பந்தத்தில் அதன் விளைவு இன்னும் பெரிது.

கலிஃபோர்னியா காட்டிய எச்சரிக்கை

ஷரத்தின் விளைவை விளக்கப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, ராக்ஃபெல்லர் டெக்னாலஜி இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துக்கும் சீனாவின் சாங்ஜோ சைனோடைப் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. சைனோடைப், சீன எழுத்துருக்களை உருவாக்கும் நிறுவனம். 2008-இல் இரு தரப்பும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அறிவிப்புகளை ஆங்கிலத்தில், ஃபெடெக்ஸ் அல்லது அதுபோன்ற கூரியர் மூலம் குறிப்பிட்ட முகவரிக்கு அனுப்ப வேண்டும். கூரியரிடம் ஒப்படைத்த மூன்று வேலை நாட்களில் கிடைத்ததாகக் கருதப்படும். கலிஃபோர்னிய நீதிமன்றங்களின் அதிகார வரம்பை ஏற்பதுடன் இதே முறையில் சம்மன் சார்பு செய்யவும் சம்மதம் என்பன அதில் இருந்த வாசகங்கள்.

தகராறு எழுந்தபோது ராக்ஃபெல்லர் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸில் நடுவர் மன்றத்தை நாடியது. சைனோடைப் ஆஜராகவில்லை. 2013 நவம்பரில் அந்நிறுவனம் 41 கோடியே 46 லட்சத்து 1,200 டாலர் செலுத்த வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். அதை உறுதிப்படுத்தக் கோரும் மனுவும் கூரியர், மின்னஞ்சல் வழியாகவே அனுப்பப்பட்டது. 2014-இல் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை உறுதி செய்தது.

அதன் பின்னரே சைனோடைப் நீதிமன்றத்துக்கு வந்தது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை என்றும், இந்தியாவைப் போலவே சீனாவும் அஞ்சல் வழிச் சார்புக்கு எதிர்ப்புத் தெரிவித்துள்ளதால் தனக்கு அனுப்பப்பட்ட ஆவணங்கள் செல்லாது என்றும் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் இந்த வாதத்தை ஏற்றது. ஆனால், கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 2 அன்று அதை ஒருமனதாக மாற்றியது. தரப்பினர் தாமாகவே முறையான சார்பைக் கைவிட்டு வேறொரு தகவல் முறையை ஏற்றுக்கொண்டதால், முறையான சார்பு என்ற தேவையே இங்கு இல்லை. ஆகவே ஹேக் உடன்படிக்கை பொருந்தாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் 2010-இலேயே இதையொத்த துறப்பு ஷரத்தை ஏற்றிருந்தது.

கலிஃபோர்னியத் தீர்ப்பு, நடுவர் மன்றத்துக்குத் தரப்பினர் ஒப்புக்கொண்டிருந்த சூழலில் வழங்கப்பட்டது. எல்லா வழக்குகளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும், இந்திய நிறுவனங்களுக்கு அதில் நேரடிப் பாடம் உண்டு. இந்திய அரசு 10-ஆவது உறுப்புக்குத் தெரிவித்த எதிர்ப்பு என்ற கேடயத்தை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பு தானே கீழே வைத்துவிட முடியும். எடுத்துக்காட்டில் கண்ட டாக்குரியா நிறுவனம் இத்தகைய ஷரத்தில் கையெழுத்திட்டிருந்தால், பழைய முகவரிக்கு வந்த உறையே போதுமான தகவல் என்று அமெரிக்க நீதிமன்றம் முடிவு செய்யக்கூடும்.

இங்கிலாந்தும் மின்னஞ்சலும்

இங்கிலாந்தில் இதற்கு எழுதப்பட்ட விதியே உள்ளது. ஒப்பந்தம் தொடர்பான வழக்கில், ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட முறையில் அல்லது இடத்தில் வழக்குப் படிவத்தைச் சார்பு செய்யலாம் என்று அந்நாட்டு உரிமையியல் நடைமுறை விதிகளின் 6.11-ஆவது விதி கூறுகிறது. இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு அளிக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், வெளிநாட்டில் இருக்கும் பிரதிவாதிக்குச் சார்பு செய்ய நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்ற மாற்றம் 2021 ஏப்ரலில் செய்யப்பட்டது. லண்டன் நீதிமன்றங்களைத் தேர்வு செய்யும் கப்பல், காப்பீடு, கடன் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் இந்திய நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது.

ஷரத்து எதுவும் இல்லாதபோதும் அமெரிக்க நீதிமன்றங்கள் சில வழக்குகளில் மின்னஞ்சலை அனுமதித்துள்ளன. இந்தியாவில் இருந்தபடி அமெரிக்க நுகர்வோரை ஏமாற்றியதாக பிசிகேர்247 என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கில், அடுத்தகட்ட ஆவணங்களை மின்னஞ்சல், ஃபேஸ்புக் வழியாக அனுப்ப நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2013 மார்ச்சில் அனுமதித்தது. இந்தியாவின் எதிர்ப்பு அஞ்சல் வழிக்கே உரியது, மின்னஞ்சலுக்கு நீளாது என்பது அந்நீதிபதியின் கருத்து. இதில் அமெரிக்க நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்திய நீதிமன்றங்களில் நிலை என்ன?

வெளிநாட்டுத் தரப்பு மீது இந்தியாவில் வழக்குத் தொடரும்போது நிலைமை தலைகீழாகிறது. இங்கிலாந்தின் 6.11-ஆவது விதிக்கு நேரான வெளிப்படையான விதி இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை. ஆனால், முகவர் நியமனத்துக்கு இடமுண்டு. நீதிமன்றத்தின் எல்லைக்குள் வசிக்கும் ஒருவரைச் சம்மன் பெறும் முகவராக எழுத்து மூலம் நியமித்து, அந்த ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம் என்று 3-ஆவது கட்டளையின் 6-ஆவது விதி கூறுகிறது.

இந்தியாவில் முகவர் இல்லாத வெளிநாட்டுப் பிரதிவாதிக்கு 5-ஆவது கட்டளையின் 25-ஆவது விதி பொருந்தும். இவ்விதி, அண்டை நாடுகளான வங்கதேசம், பாகிஸ்தான் ஆகியவற்றில் வசிப்போருக்கான சம்மனை அந்நாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று தனியே குறிப்பிடுகிறது. டாக்காவுடன் வணிகம் செய்யும் கொல்கத்தா வணிகர்களுக்கு இது இன்றும் பயன்படும் வழி.

இந்தியாவில் அலுவலகம் அமைத்துள்ள வெளிநாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை சட்டமே முகவரைக் கட்டாயமாக்கியுள்ளது. வணிக இடத்தை நிறுவிய 30 நாட்களுக்குள், தன் சார்பில் சம்மனையும் அறிவிப்புகளையும் பெற அதிகாரம் பெற்ற, இந்தியாவில் வசிப்பவரின் பெயரையும் முகவரியையும் நிறுவனங்களின் பதிவாளரிடம் அளிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 380-ஆவது பிரிவு கூறுகிறது.

தீர்ப்பு இந்தியாவுக்கு வரும்போது

வெளிநாட்டில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. கடனாளியின் சொத்து இந்தியாவில் இருந்தால், அந்தத் தீர்ப்பு இந்திய நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். அங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதை எடைபோடுகிறது. அதிகார வரம்பு இல்லாத நீதிமன்றம் வழங்கியது, வழக்கின் தகுதியை ஆராயாமல் வழங்கியது, இயற்கை நீதிக்கு முரணானது, மோசடியால் பெறப்பட்டது முதலான ஆறு காரணங்களில் ஒன்று இருந்தாலும் அத்தீர்ப்பு அறுதியானதாகாது. முறையான தகவல் இன்றி வழங்கப்பட்ட தீர்ப்பு இயற்கை நீதிக்கு முரண் என்ற வாதம் இங்கேதான் எழுப்பப்படுகிறது.

ஆனால், ஒப்பந்த ஷரத்து இந்த இடத்திலும் பின்தொடர்கிறது. வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு எப்போதெல்லாம் அதிகார வரம்பு உண்டு என்பதை 1914-இல் ராமநாதன் செட்டியார் எதிர் காளிமுத்து பிள்ளை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டியலிட்டது. அந்நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதாகப் பிரதிவாதி ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பது அவற்றுள் ஒன்று. நூற்றாண்டு கடந்தும் அந்தப் பட்டியல் மேற்கோள் காட்டப்படுகிறது. அதிகார வரம்பையும் தகவல் முறையையும் எழுத்தில் ஏற்றுக்கொண்ட ஒருவர், பின்னர் தனக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்று வாதிடுவது கடினம்.

அத்தகையவருக்கும் ஒரு தற்காப்பு எஞ்சியுள்ளது. இன்டர்நேஷனல் உல்லன் மில்ஸ் எதிர் ஸ்டாண்டர்ட் வுல் வழக்கில், இங்கிலாந்து நீதிமன்றம் வழங்கிய ஒருதலைப்பட்சத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2001-இல் ஆராய்ந்தது. பிரதிவாதி வரவில்லை என்பதற்காகவே இயந்திரத்தனமாக வழங்கப்பட்ட தீர்ப்பு, தகுதியின் அடிப்படையிலானது அல்ல. ஆகவே அதை இந்தியாவில் நிறைவேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆதாரங்களை வாதி முறையாக முன்வைத்து, நீதிமன்றமும் அவற்றைப் பரிசீலித்திருந்தால் இந்தத் தற்காப்பு கிடைக்காது.

எந்த நாட்டுத் தீர்ப்பு என்பதும் முக்கியம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா போன்ற, பரஸ்பர ஏற்பு நாடுகளாக இந்தியா அறிவித்தவற்றின் மேல்நிலை நீதிமன்றங்கள் வழங்கும் பணத் தீர்ப்பாணையை, 44ஏ பிரிவின்படி இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கு வங்கிக் கடன் பெற்றுத் திரும்பியவர்களுக்கும், வணிகம் செய்து நின்றுபோனவர்களுக்கும் இதன் பொருள் தெளிவு: அமீரக நீதிமன்றத்தின் தீர்ப்பாணை சொந்த ஊரின் மாவட்ட நீதிமன்றம் வரை வர முடியும். அமெரிக்கா இப்பட்டியலில் இல்லை. எனவே, அமெரிக்கத் தீர்ப்பைப் பெற்றவர் அதன் அடிப்படையில் இந்தியாவில் புதிய வழக்குத் தொடர வேண்டும். அதற்கான கால வரம்பு மூன்று ஆண்டுகள்.

நடுவர் தீர்ப்பின் வழி வேறு

ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற ஷரத்து இருந்தால் பாதை சுருங்குகிறது. நடுவருக்கும் தரப்பினருக்கும் இடையிலான அறிவிப்புகள் நீதிமன்ற சம்மன் அல்ல. அவற்றுக்கு ஹேக் நடைமுறை தேவைப்படாது. இந்தியாவில் நடக்கும் நடுவர் விசாரணையில், தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, வணிக இடத்தில் அல்லது அஞ்சல் முகவரியில் கொடுக்கப்பட்டாலே கிடைத்ததாகக் கருதப்படும். உரிய விசாரணைக்குப் பின்னும் இவை கண்டறியப்படாவிட்டால், கடைசியாக அறியப்பட்ட முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினாலே போதும். நடுவர் மற்றும் சமரசச் சட்டம், 1996-இன் 3-ஆவது பிரிவு இவ்வாறு கூறுகிறது.

வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகள் 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின் அடிப்படையில் இந்தியாவில் நிறைவேற்றப்படுகின்றன. நடுவர் நியமனம் அல்லது விசாரணை பற்றி முறையான அறிவிப்பு தரப்படவில்லை என்று நிரூபித்தால் அவற்றை நிறைவேற்ற மறுக்கலாம் என்று 48-ஆவது பிரிவு கூறுகிறது. அறிவிப்பு முறையானதா என்பதைத் தீர்மானிக்க நீதிமன்றம் முதலில் திறந்து பார்ப்பது, மீண்டும் அதே அறிவிப்பு ஷரத்தைத்தான்.

அரசுகளே தரப்பாகும் ஒப்பந்தங்களிலும் இது பொருந்தும். ஒரு வெளிநாட்டு அரசுக்கு ஆவணம் சார்பு செய்யும்போது, வாதிக்கும் அந்த அரசுக்கும் இடையிலான தனி ஏற்பாடு இருந்தால் அதற்கே முதலிடம் என்று அமெரிக்காவின் வெளிநாட்டு அரசு விலக்குரிமைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத ஒரு வழக்கில், வாஷிங்டனில் உள்ள சூடான் தூதரகத்துக்கு அனுப்பிய தபால் செல்லாது, வெளியுறவு அமைச்சருக்கு அவரது நாட்டிலுள்ள அலுவலகத்துக்கே அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஒரு முகவரியின் பிழையால் பல ஆண்டு கால வழக்கே தடுமாறியது.

கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

* வணிக அறிவிப்புக்கான முகவரியும் சம்மனுக்கான முகவரியும் ஒன்றா, தனித்தனியா என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'அறிவிப்பு' என்ற சொல்லுக்குள் 'சம்மன்' சத்தமின்றிச் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

* தனி ஊழியரின் பெயருக்குப் பதில் பதவியைக் குறிப்பிடுவது பாதுகாப்பானது. ஊழியர் விலகினால் அவரது மின்னஞ்சலும் மூடப்படும். அங்கே வந்த சம்மனை யாரும் படிக்கமாட்டார்கள்.

* மின்னஞ்சலை மட்டும் ஏற்காமல், கூரியர் நகலும் சேர்ந்தே அனுப்பப்பட வேண்டும் என்று கோரலாம்.

* கிடைத்ததாகக் கருதப்படும் காலம் மூன்று நாளா, பத்து நாளா என்பது பேசித் தீர்மானிக்கக் கூடியதே.

* வெளிநாட்டு முகவரை நியமித்தால், அவருக்கான ஆண்டுக் கட்டணம், நியமனத்தின் காலம், அவர் விலகினால் மாற்று முகவர், ஆவணத்தை அவர் எத்தனை நாட்களில் அனுப்பிவைக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். முகவர் தகவல் தரத் தவறினாலும் சார்பு செல்லும் என்ற வாசகம் இத்தகைய ஷரத்துகளில் வழக்கமாக இருக்கும்.

* ஹேக் நடைமுறைக்கான உரிமையைத் துறக்கும் வாசகம் இருந்தால், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். துறப்பு இரு தரப்புக்கும் சமமாகப் பொருந்துமாறு மாற்றச் சொல்வது நியாயமான கோரிக்கை.

* அலுவலகம் மாறினால், ஒப்பந்தம் சொல்லும் முறையில் அதே நாளில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

* வெளிநாட்டிலிருந்து நீதிமன்ற முத்திரையுடன் எது வந்தாலும், அது செல்லாது என்று தாமே முடிவு செய்து ஒதுக்கிவைக்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சார்பு செய்யப்பட்ட பின் பதிலளிக்கப் பொதுவாக 21 நாட்களே உண்டு. முறையான சார்பைத் தாமாக முன்வந்து துறக்கும் வெளிநாட்டுப் பிரதிவாதிக்கு, கோரிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 90 நாட்கள் கிடைக்கும். சார்பு செல்லாது என்று அதிகார வரம்பையே எதிர்ப்பதா, வழக்கின் தகுதியில் வாதிடுவதா என்பதை வழக்கறிஞருடன் கலந்தே தீர்மானிக்க வேண்டும். எதிர்ப்பைப் பதிவு செய்யாமல் ஆஜரானால், அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

சுருங்கச் சொன்னால், எல்லை தாண்டி வரும் வழக்கிலிருந்து இந்தியத் தரப்பைக் காப்பதற்குச் சட்டம் இரண்டு கதவுகளை வைத்துள்ளது. ஒன்று, ஆவணம் மைய அதிகார அமைப்பின் வழியே மட்டும் வர வேண்டும் என்ற நிபந்தனை. மற்றொன்று, தீர்ப்பு இந்தியாவுக்கு வரும்போது 13-ஆவது பிரிவின் கீழ் நடக்கும் பரிசோதனை. முதல் கதவை ஒப்பந்த ஷரத்து திறந்துவிடலாம். இரண்டாவதன் தாழ்ப்பாளையும் அது தளர்த்தலாம். டாக்குரியாவின் பழைய முகவரிக்கு வந்து, வாங்க ஆளில்லாமல் கிடக்கும் உறையின் மதிப்பு, உறை வந்த நாளில் முடிவாவதில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே அது பெருமளவு முடிவாகிவிடுகிறது.